சீலன் அண்ணன் வைத்த பெயர்

காலையில் கதவைத் திறந்ததும் சுகாசினிக்கு முதல் வேலை, உள்ளே நிற்கிற அத்தனை பேருக்கும் முகம் துடைத்துவிடுவதுதான். அதற்கென்று மெத்தென்ற பிரஷ் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கிரிக்கெட் வீரரின் மூக்கு, விஞ்ஞானியின் கண்ணாடி, வீணை வாசிக்கும் அம்மாளின் விரலிடுக்கு என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே வருவாள். கடைசியில், நடிகராக இருந்து கட்சித் தலைவரான உதயசீலனிடம் வந்து நிற்பாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கைக்குழந்தையை வாங்கிக்கொள்ளப் போகிறவரைப் போல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நிற்பார். அவருக்கு மட்டும் சட்டைக் காலரையும் ஒருமுறை இழுத்துச் சரிசெய்வாள்.

"எங்க வூட்டுக்காருக்குக் கூட நா இவ்ளோ செய்யறதில்லண்ணே" என்பாள்.

"அவரு திருப்பிப் பேசுவாரு. இவரு பேசமாட்டாரு. அதான்" என்பார் சிட்டிபாபு.

சிட்டிபாபு அந்த மெழுகுச் சிலைகளுக்குத் தலை சீவி, சாயம் மங்கிய இடத்தில் சாயம் தொட்டுப் பராமரிக்கிறவர். மாடியில் வேலை செய்வது இவர்கள் இரண்டு பேர்தான். கீழே டிக்கெட் கொடுத்துக்கொண்டு மேனேஜர் முனிரத்தினம் உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஓனர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவருக்குச் சின்னக் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை. வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு, தங்கப் பல்லியையும் தொட்டுவிட்டு வருகிற வெளியூர்க்காரர்களை இன்னும் கொஞ்ச நேரம் ஊரில் நிறுத்திவைக்க, கடையின் மாடியில் இந்த மியூசியத்தை வைத்திருந்தார். பல்லியைத் தொட்ட கை சும்மா இருக்குமா, இங்கே வந்தும் கன்னத்தைக் கிள்ளப் பார்க்கும். கயிற்றுக்கு அப்பால் யாரையும் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் சுகாசினியின் இரண்டாவது வேலை.

மெழுகு மியூசியத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று முதன்முதலில் வீட்டில் சொன்னபோது, அவள் புருஷன் ஏசுபாதம், "மெழுகறதுன்னா தரையத்தானே? குனிஞ்சி நிமுர்ற வேல உனக்கு ஆவாதே" என்று பதறிப்போனான். அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. சுகாசினி கல்யாணம் ஆன நாளிலிருந்து கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனவள். கர்ப்பப்பையை எடுத்த பிறகு, இனிமேல் பாரம் தூக்கினால் என்னிடம் வராதே என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏசுபாதமோ அரிசி மூட்டையோடு லாரியிலிருந்து விழுந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு வீட்டில் இருந்தான். மகள் ஷாரோன் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் உலை கொதிக்க வேண்டுமானால் சுகாசினி சம்பாதிக்க வேண்டும், ஆனால் எதையும் தூக்கக் கூடாது. அப்படி ஒரு வேலை காஞ்சிபுரத்தில் எங்கே கிடைக்கும்? கிடைத்தது. நாள் முழுக்க நிற்க வேண்டும், உட்கார ஸ்டூல்கூடக் கிடையாது. ஆனாலும் தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. சிலைகளுக்காகப் போட்ட ஏசி அவளுக்கும் சேர்த்துக் குளிர்ந்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் இருந்தாள்.

வைகாசி வெயில். உச்சிவேளையில் கோயில் நடை சாத்திவிட்டால் மியூசியத்தில் ஈ காக்கை இருக்காது. சிட்டிபாபு சாப்பிடப் போயிருந்தார். அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். திருமுக்கூடல் பக்கத்திலிருந்து டூவீலரிலேயே வந்திருந்தார்கள். கணவன் பெயர் விமல்ராஜ், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மனைவி திரிஷா, மிஞ்சினால் இருபத்திரண்டு வயது இருக்கும். அவள் தோளில் ஒரு பெண் குழந்தை, வெயிலில் முகம் சிவந்து தூங்கிக்கொண்டிருந்தது.

கிரிக்கெட் வீரரை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே உதயசீலன் முன்னால் போய் நின்றார்கள். விமல்ராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் தோள் குலுங்கியது.

"இன்னாபா, இன்னா ஆச்சி?" என்று சுகாசினி கிட்டே போனாள்.

"அண்ணன் உசுரோட இருக்கற மாதிரியே இருக்குதுக்கா" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்குப் பேரு வச்சதே இவருதான். எங்கப்பா செங்கல்பட்டுல கட்சி மேடையில என்னத் தூக்கினு போயி அவரு கையில குடுத்தாரு. என் பசங்களுக்கும் அண்ணன் வாயாலதான் பேருன்னு இருந்தேன். இவ முழுகாம இருக்கறப்பவே அவரு பூட்டாரு."

"அப்ப பாப்பாக்கு இன்னும் பேரு வைக்கலியா?"

"பாப்பான்னுதான் கூப்பிடறோம்" என்றாள் திரிஷா. "ஊசி போடப் போனா நர்ஸம்மா திட்றாங்க. திரிஷா கொழந்த, திரிஷா கொழந்தன்னே எத்தினி மாசம்மா எழுதறதுங்கறாங்க. இவரு கேக்கறதே இல்ல. வேற யாரு வச்சாலும் ஆவாதாம்."

விமல்ராஜ் தயங்கினான். அப்புறம் கேட்டேவிட்டான். "அக்கா, ஒரு நிமிசம். அண்ணன் கையில புள்ளைய வச்சி எடுத்துக்கறோம். அவ்ளோதான்."

"அய்யோ, கயித்தத் தாண்டக் கூடாதுபா. மேல பாரு, கேமரா இருக்குது. என் வேல பூடும்."

அவன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சரிக்கா என்று தலையை ஆட்டினான். அதுதான் சுகாசினிக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் துரத்திவிட்டிருப்பாள். திரிஷா குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அதன் தலை ஒருபக்கமாகத் துவண்டு விழுந்தது. இத்தனை தூரம் வெயிலில் கொண்டுவந்து, பெயரில்லாமலே திரும்பத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். சுகாசினி மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கயிற்றின் கொக்கியைக் கழற்றினாள்.

"சீக்கிரம். நானே புடிச்சிக்கறேன். கனம் அவரு மேல படக் கூடாது."

குழந்தையை வாங்கி, நீட்டிய மெழுகுக் கைகளின் மேல் பட்டும் படாமலும் கிடத்தி, அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். திரிஷா போனில் படம் எடுத்தாள். விமல்ராஜ் கைகட்டி நின்றான். எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள்.

"ஆச்சா?" என்றாள் சுகாசினி.

"பேரு சொல்லணுமேக்கா" என்றான் அவன்.

"யாரு சொல்றது? அவரு எங்க சொல்றது?"

"நீங்க சொல்லுங்க. தெனம் அவரு கூடவே இருக்கறீங்க. காலரெல்லாம் சரி பண்ணி வச்சிருக்கறீங்க. உங்க வாயில வந்தா அண்ணன் வாயில வந்த மாதிரிதான்."

"உங்க மனசுல எதுனா பேரு வச்சிருந்தா சொல்லுங்க, அதையே சொல்றேன்."

"நாங்க சொல்லக் கூடாதுக்கா. அவரு கையில வாங்கி, மொகத்தப் பாத்து, டக்குனு சொல்லுவாரு."

சுகாசினி சிலையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கே அவள் அப்பா யாரோ ஒரு நடிகையின் பெயரைத்தான் வைத்திருந்தார். மகளுக்குச் சர்ச்சில் போதகர் சொன்னார். வாழ்நாளில் ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூட அவளைக் கேட்டு யாரும் பெயர் வைத்ததில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். நேர் மேலே இருந்த ஏசியிலிருந்து காற்று இறங்கி, வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக்கிடந்த மயிரை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது. தூக்கத்திலேயே குழந்தைக்குச் சிரிப்பு வந்தது.

"தென்றல்" என்றாள் சுகாசினி.

விமல்ராஜ் ஓவென்று அழுதுவிட்டான். "அண்ணன் வைக்கற மாதிரியே இருக்குதுக்கா! சுத்தத் தமிழுப் பேரு!" திரிஷா குழந்தையை வாங்கிக்கொண்டு, "தென்றலு, அம்மாவப் பாரு, தென்றலு" என்று கொஞ்ச ஆரம்பித்தாள். சுகாசினியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் அவள் மனது நிறைந்திருந்தது, அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் அவன் கீழே விழுந்ததைக் கவனிக்கவில்லை. கட்சி மேடையில் விழுகிற மாதிரியே விமல்ராஜ் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, சிலையின் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

சிலை ஆடியது. அவள் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டதில் அது விழவில்லை. ஆனால் வலது கை பக்கத்துத் தூணில் இடித்தது. இரண்டு விரல்கள் உடைந்து தரையில் உருண்டன.

விமல்ராஜ் மண்டியிட்டபடியே அந்த விரல்களைப் பார்த்தான். சாமி குத்தம் செய்துவிட்டவனைப்போல முகம் வெளுத்துவிட்டது. "நா போயி மேனேஜர்கிட்ட சொல்லிடறேன். நாந்தான் பண்ணேன்னு சொல்றேன்."

"ஒண்ணும் வேணாம். நீ நின்னா உன்ன விடமாட்டாங்க, போலீசுன்னுவாங்க. கைப்புள்ளைய வச்சினு ஸ்டேஷன்ல நிப்பியா? கெளம்பு."

"உங்களுக்கு எதுனா ஆச்சின்னா?"

"இங்க இருக்கற அண்ணன் ஒருத்தரு ஒட்டிடுவாரு. தெனம் எதுனா ஒடையும். போ."

அவன் அவள் நம்பரைக் கேட்டு வாங்கி ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினான்.

சாப்பிட்டு வந்த சிட்டிபாபு விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தியைச் சூடு பண்ணி மெழுகை இளக்கி ஒட்டினார். விரல் நின்றது. ஆனால் மோதிரம் போட்டதுபோல ஒட்டு தெரிந்தது. சாயம் தொட்டால் அந்த இடம் மட்டும் இன்னும் சிவந்தது.

"செஞ்ச எடத்துக்குத்தாம்மா அனுப்பணும்" என்றார். கத்தியைத் துடைத்துவிட்டு, "தல சீவும்போது நாந்தான் ஒடச்சிட்டேன்னு சொல்லிடறேன். என்ன வேலைய வுட்டு அனுப்பமாட்டாங்க. வேற ஆளு கெடைக்காது" என்றார்.

"கேமரா பாத்துக்கினு இருக்குதேண்ணே. உங்க பேரும் கெட்டுப்பூடும்."

சாயந்திரம் முனிரத்தினம் அவளைக் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்ப்யூட்டரில் ஓடிய படத்தைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். அதில் விமல்ராஜின் முதுகும், திரிஷாவின் பின்னலும்தான் தெரிந்தன. சுகாசினியின் முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"ஓனர் போன்லயே பாத்துட்டாரும்மா. ஆடிக்கினு இருக்காரு. அவங்க யாரு, எந்த ஊரு? போன் நம்பர் எதுனா இருந்தா குடு. அவங்க மேல கம்ப்ளெயின்ட் குடுத்துட்டு, ஆளக் கண்டுபுடிச்சிக் குடுத்தது சுகாசினிதான்னு சொல்லி உன்ன வச்சிக்கறேன். எனக்குத் தெரிஞ்சி வேற வழி இல்ல."

நம்பர் அவள் போனில் இருந்தது. போன் அவள் இடுப்பில் இருந்தது. சுகாசினிக்குக் கண்முன்னால் கலவைச் சட்டி வந்தது, சாரம் வந்தது, டாக்டரம்மாவின் முகம் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஏசிக் காற்றில் சிரித்த முகமும் வந்தது. பெயர் வைத்த கையாலேயே அதன் அப்பனைப் பிடித்துக் கொடுப்பதா என்று நினைத்தாள்.

"தெரியாது சார்" என்றாள்.

"நல்லா யோசிச்சி சொல்லு."

"யாரோ வந்தாங்க, போனாங்க சார்."

முனிரத்தினம் கம்ப்யூட்டரை அணைத்தார். அவருக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும். "உன் இஷ்டம். எனக்கும் புள்ளகுட்டி இருக்குதும்மா" என்றார். அவள் யூனிபார்ம் கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தாள்.

வீட்டில் ஏசுபாதத்திடம் எதையும் மறைக்கவில்லை. அவன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி முழுவதையும் கேட்டான். திட்டப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ, "இன்னா பேரு வச்ச?" என்று கேட்டான்.

"தென்றலு."

"எப்படித் தோணிச்சி உனக்கு?"

"ஏசி காத்து அடிச்சிது. சொல்லிட்டேன்."

ஏசுபாதம் சிரித்துவிட்டான். இடுப்பு வலியில் சிரிப்பு பாதியில் நின்றது. "நல்லாத்தான் இருக்குது" என்றான். அப்புறம் மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அவளுக்கு டீ போட்டான். மறுநாள் வாட்ச்மேன் வேலை கேட்டு நாலு இடத்துக்குப் போய் வந்தான். நேராக நிற்க முடியாதவனை எவன் வாசலில் நிறுத்துவான்?

விமல்ராஜ் அந்தப் படத்தை, எங்கள் மகளுக்கு அண்ணனே வந்து பெயர் வைத்தார் என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். அது அவன் ஊரைத் தாண்டி, மாவட்டத்தைத் தாண்டி, துபாயில் இருக்கிற ரசிகர்கள் வரைக்கும் போய்விட்டது. ஒரு மாதத்துக்குள் மியூசியத்தில் போன் ஓயவில்லையாம். எங்கள் பிள்ளைக்கும் பெயர் வைக்க வேண்டும், எந்தக் கிழமை வரலாம் என்று ஒரே விசாரிப்பு. இதையெல்லாம் சிட்டிபாபுதான் ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னார். உதயசீலன் குரலில் பேசுகிற மிமிக்ரிக்காரன் ஒருவனைப் பிடித்துப் பெயர்களாகச் சொல்ல வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். பொத்தானை அமுக்கினால் ஒரு பெயர் வரும். கைக்குள் இரும்புக் கம்பி வைத்து, இப்போது எந்தக் கனமும் தாங்குகிற மாதிரி செய்துவிட்டார்கள்.

"உன்னத் திரும்ப எடுக்கச் சொல்லி நானும் மேனேஜரும் கேட்டோம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "தப்புப் பண்ணவங்கள சேத்துக்கினா மத்தவங்களுக்கு பயம் பூடும்னுட்டாரு ஓனரு."

அடுத்த வாரம் விமல்ராஜிடமிருந்து போன் வந்தது. சந்தோஷத்தில் அவனுக்குப் பேச்சே நிற்கவில்லை. "அக்கா, ஓனரு எங்களத் தேடிக் கண்டுபுடிச்சி, வரச்சொல்லி, எனக்கு சால்வ போட்டாருக்கா! தென்றலுக்குப் பட்டுப்பாவாட குடுத்தாங்க. அன்னிக்கி ஒடஞ்சதப்பத்தி ஒரு வார்த்த கேக்கல. உங்களத்தான் தேடுனோம். லீவுன்னாங்க."

சுகாசினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"ஆமாம்பா" என்றாள். "லீவுதான். பாப்பா இன்னா பண்ணுது?"

"பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்பிப் பாக்குதுக்கா."

"பாக்குமே. நல்லாப் பாத்துக்கோ."

ஷாரோனுக்குக் காலேஜ் திறக்கிற சமயம். சுகாசினி பழைய மேஸ்திரிக்குப் போன் செய்தாள். வேலை இருக்கிறது, காலையில் வண்டியில் ஏறிக்கொள் என்றார் அவர். எங்கே என்று அவளும் கேட்கவில்லை. டெம்போ சின்னக் காஞ்சிபுரம் வந்து, பட்டுக்கடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நின்றபோதுதான் தெரிந்தது. பெயர் வைக்க வருகிற கூட்டம் உட்கார இடமில்லாததால், பின்னால் ஒரு கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் போகலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. டெம்போ போய்விட்டிருந்தது. அவள் பழைய சட்டை ஒன்றைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, துண்டால் அடிவயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலைக்குச் சும்மாடு சுற்றினாள். கலவைச் சட்டியை முதல்முறை தூக்கியபோது கண் இருட்டியது. அப்புறம் பழகிவிட்டது.

மதில் ஓரமாகத் தாய்மார்களின் வரிசை தெரு வரைக்கும் போயிருந்தது. ஒவ்வொருத்தி மடியிலும் முந்தானைக்குள் ஒரு குழந்தை. சட்டியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற சுகாசினியைப் பார்த்து, வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

"யக்கா, பேரு வைக்கற எடம் மேலதானே?"

"மேலதான். படியேறி வலதுகை பக்கம் போ. ஏசி இருக்கும்." குழந்தையின் தலை அந்தப் பெண்ணின் முழங்கையைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. பிடிப்பதற்காக நீட்டிய கையை, அதில் இருந்த சிமெண்டைப் பார்த்துவிட்டு சுகாசினி இழுத்துக்கொண்டாள். "கழுத்துக்குக் கீழ கை குடும்மா. தொங்குது பாரு."

மாடி ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. வரிசை முழுக்கப் பேச்சை நிறுத்தியது. கனத்த ஆண்குரல் ஒன்று நிறுத்தி நிதானமாகச் சொன்னது: "உங்கள் அண்ணன், இந்தக் குழந்தைக்குச் சூட்டும் பெயர்... தென்றல்."

தெருக்கோடி வரைக்கும் கைதட்டினார்கள். சிலர் விசிலடித்தார்கள்.

"எவ்ளோ நல்ல பேரு!" என்றாள் அந்தச் சின்னப் பெண், கண் கலங்கி. "எங்க பாப்பாக்கும் இதே வந்தா நல்லா இருக்கும். அண்ணனுக்குத்தான் எப்படி இதெல்லாம் தோணுதோ, இல்லக்கா?"

"கேட்டுப் பாரும்மா" என்றாள் சுகாசினி. "குடுப்பாரு."

"கலவ காயுது, இன்னாம்மா அங்க வேடிக்க?" என்று மேஸ்திரி சாரத்தின் மேலிருந்து கத்தினார். அவள் வயிற்றுத் துண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு, குனிந்து சட்டியைத் தூக்கினாள்.